எழுதுகிறவர் டாக் ஷோ நடத்த முடியுமா? கோனன் ஓ'பிரையனை முன்வைத்து ஒரு பதில்

தம்பி, நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு வருடமாகத் தமிழ் நகைச்சுவைத் தொடர்களுக்கும் தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சிகளுக்கும் எழுதி வருகிறீர்கள். இப்போது ஒரு தயாரிப்பாளர், "வேற ஆள் எதுக்கு, நீயே உட்கார்ந்து விருந்தினரோட பேசு" என்று டாக் ஷோ ஒன்றுக்குக் கூப்பிடுகிறார். கேமரா முன்னால் நின்று பழக்கமில்லை. வீட்டில், கையில் இருக்கிற எழுத்து வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே என்கிறார்கள். அமெரிக்காவில் ராத்திரி டாக் ஷோ நடத்திய கோனன் ஓ'பிரையன் இப்படித்தானே எழுத்திலிருந்து வந்தார், அவர் எப்படிச் சமாளித்தார், அது கோலாலம்பூரில் நமக்கு ஒத்துவருமா என்பது உங்கள் கேள்வி.

தாராளமாகப் போகலாம். ஆனால் எழுத்தை விட்டுவிட்டுப் போவதாக நினைத்துப் போகாதீர்கள். கோனனின் முப்பது வருடத்தை நான் கவனித்துப் பார்த்ததில் எனக்குப் புரிந்த விஷயம் இது ஒன்றுதான்: அவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் தன்னுடைய எழுத்தாளர் கூட்டத்தைக் கூடவே கூட்டிக்கொண்டு போனார். நாற்காலியைப் பிடுங்கினார்கள், கூட்டம் கலையவில்லை. அதனால்தான் இன்றைக்கும் நிற்கிறார்.

ஆரம்பக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1963-இல் பாஸ்டனை ஒட்டிய புரூக்லைனில் பிறந்தவர். அப்பா மருத்துவர், அம்மா வழக்கறிஞர், ஆறு பிள்ளைகளில் மூன்றாமவர். ஹார்வர்டில் வரலாறும் இலக்கியமும் படித்து 1985-இல் வெளியே வந்தார். அங்கே மாணவர்கள் நடத்தும் ஹார்வர்ட் லாம்பூன் நகைச்சுவை இதழுக்கு இரண்டு முறை தலைவராக இருந்தார். அது பெரிய கௌரவம், ஒருவரே இரண்டு முறை ஆவது அபூர்வம். படித்து முடித்ததும் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய், கிரெக் டேனியல்ஸ் என்ற நண்பரோடு ஜோடி சேர்ந்து எச்பிஓ-வில் ஒரு செய்தி நையாண்டி நிகழ்ச்சிக்கு எழுதினார். பகலில் எழுத்து, மற்ற நேரத்தில் கிரவுண்ட்லிங்ஸ் என்ற குழுவில் ஸ்கிரிப்ட் இல்லாமல் மேடையில் நடிக்கும் பயிற்சி. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். யாரும் அவரைத் தொகுப்பாளராகக் கூப்பிடுவதற்கு எட்டு வருடம் முன்பே மேடைக் கூச்சத்தைப் போக்கிக்கொள்ளத் தொடங்கிவிட்டார்.

1988 தொடக்கத்தில், சனிக்கிழமை ராத்திரி நேரலையாக வரும் குறுங்காட்சி நிகழ்ச்சியான 'சாட்டர்டே நைட் லைவ்' எழுத்தாளர் ஆனார். அங்கே வேலை செய்கிற முறை நமக்கெல்லாம் பாடம். செவ்வாய்க்கிழமை ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதுவார்கள். புதன்கிழமை மேசையைச் சுற்றி உட்கார்ந்து எல்லாவற்றையும் வாய்விட்டுப் படிப்பார்கள். சிரிப்பு வராதது அங்கேயே செத்துவிடும். மிஞ்சியதிலும் பாதி சனிக்கிழமை ஒத்திகையில் போகும். எழுதியதைத் தூக்கி எறிவது ஒரு மனிதனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். அதை வாராவாரம் செய்து பழகிய கை அவருடையது. 1989-இல் அந்த எழுத்துக் குழுவோடு எம்மி விருது கிடைத்தது. 1988-இல் எழுத்தாளர் வேலை நிறுத்தம் வந்தபோது ராபர்ட் ஸ்மைகல், பாப் ஓடன்கிர்க் இருவரோடும் சிகாகோவுக்குப் போய் ஒரு மேடை நிகழ்ச்சி போட்டார். இதில் ஸ்மைகல் என்ற பெயரை மறந்துவிடாதீர்கள், திரும்ப வரும்.

1991-இல் 'சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடர். இந்த இரண்டு வருடத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையில் நீங்களும் நானும் உட்கார்ந்து தே தாரிக் குடித்த கடை நினைவிருக்கிறதா? அங்கிருந்து பார்த்தால் தலைக்கு மேலே மோனோரயில் போகும். 2003 ஆகஸ்ட் 31-இல் ஓடத் தொடங்கியது. கேஎல் சென்ட்ரலிலிருந்து தித்திவங்சா வரை 8.6 கிலோமீட்டர், 11 நிலையம். அது வருவதற்குப் பத்து வருடம் முன்பு, 1993 ஜனவரியில், கோனன் எழுதி ஒளிபரப்பான சிம்ப்சன்ஸ் அத்தியாயம் மோனோரயில் பற்றியதுதான். அணுமின் நிலைய முதலாளி கழிவைக் கொட்டி மாட்டிக்கொள்கிறார். அபராதமாக ஊருக்கு முப்பது லட்சம் டாலர் வருகிறது. குண்டும் குழியுமான சாலையைச் சரி செய்யலாம் என்கிறார் சிம்ப்சன் வீட்டு அம்மா மார்ஜ். அந்த நேரத்தில் ஒரு வாய்ச்சொல் வீரர் கூட்டத்துக்குள் நுழைந்து, பாட்டுப் பாடி, ஊரையே மயக்கி, மோனோரயில் வாங்க வைத்துவிடுகிறார்.

இந்த யோசனையை முதலில் சொன்னபோது அந்தத் தொடரை நடத்தியவர்களே, இது கொஞ்சம் ஓவராக இருக்கிறதே என்று தயங்கினார்கள். பிறகு எல்லோரும் கூடிய கதைக் கூட்டத்தில் சொன்னபோது, மூத்த தயாரிப்பாளர் ஜேம்ஸ் எல். புரூக்ஸுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. கவனியுங்கள், கதையைச் சொன்ன விதம்தான் ஜெயித்தது. எழுத்தாளர் அறையில் கோனன் சும்மா உட்கார்ந்து எழுதவில்லை. எழுந்து நடித்துக் காட்டுவார், குரல் மாற்றுவார், மணிக்கணக்கில் கூட இருப்பவர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டே இருப்பார். அங்கே வேலை செய்தவர்கள் பலர் பிற்காலத்தில் இதையே சொல்லியிருக்கிறார்கள். அதாவது, அவருடைய முதல் பார்வையாளர்கள் சக எழுத்தாளர்கள். ஏழெட்டுப் பேர், எல்லோருக்கும் சிரிப்பு எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரியும், எளிதில் சிரிக்க மாட்டார்கள். அந்த அறையில் தேறிய பிறகு மற்ற கூட்டம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பயப்பட வேண்டியதில்லை.

சரி, 1993-க்கு வருவோம். டேவிட் லெட்டர்மேன் என்பிசி நிலையத்தை விட்டுப் போட்டி நிலையமான சிபிஎஸ்-க்குப் போகிறார். நள்ளிரவு தாண்டி ஓடிய அவருடைய 'லேட் நைட்' நாற்காலி காலி. அதற்குப் பொறுப்பேற்ற லோர்ன் மைக்கேல்ஸ், 'சாட்டர்டே நைட் லைவ்'-ஐ உருவாக்கியவர், கோனனை முதலில் தயாரிப்பாளராகத்தான் கேட்டார். கோனனுக்கு மேடை ஏறத்தான் ஆசை, அதை அவருடைய ஏஜெண்ட் சொன்னார். இப்படித்தான் ஏப்ரல் 13-இல் ஒரு சோதனைப் பதிவு நடந்தது. இடம், என்பிசி-யில் 'லேட் நைட்'டுக்கு முன்னால் ஓடிய ஜே லெனோவின் 'டுநைட் ஷோ' அரங்கு. விருந்தினர்கள் மிமி ரோஜர்ஸ், ஜேசன் அலெக்சாண்டர். பார்வையாளர் நாற்காலிகளில் யார் தெரியுமா? சிம்ப்சன்ஸ் எழுத்தாளர்கள். மைக்கேல்ஸ் நியூயார்க்கில் உட்கார்ந்து செயற்கைக்கோள் வழியாகப் பார்த்தார். இரண்டு வாரத்தில் வேலை கிடைத்துவிட்டது. சிம்ப்சன்ஸை எடுத்த ஃபாக்ஸ் நிறுவனம் ஒப்பந்தத்திலிருந்து சும்மா விடவில்லை. அதற்கான தொகையை என்பிசி-யும் கோனனும் பங்கு போட்டுக் கட்டித்தான் வெளியே வந்தார்.

முப்பது வயது. நாட்டில் யாருக்கும் முகம் தெரியாது. செப்டம்பர் 13 முதல் நிகழ்ச்சி. அதன் தொடக்கக் காட்சியைத் தேடிப் பாருங்கள். கோனன் உற்சாகமாக வேலைக்கு நடந்து போகிறார். வழியில் பார்க்கிற ஆட்கள் எல்லாம், லெட்டர்மேன் அளவுக்கு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பார்த்துக்கொள் என்கிற மாதிரியே சொல்கிறார்கள். ஊரே மனசுக்குள் நினைத்துக்கொண்டிருந்ததை முதல் நிமிடத்திலேயே எழுதிக் காட்டிவிட்டார். நடிகராக இருந்தால் அந்தப் பயத்தை மறைத்திருப்பார். எழுத்தாளராக இருந்ததால் அது அவருக்கு எழுதுவதற்குக் கிடைத்த பொருளாகப் பட்டது.

அப்புறம் நடந்ததுதான் நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது. நிகழ்ச்சி அடி வாங்கியது. விமர்சகர்கள் கடுமையாக எழுதினார்கள். வாஷிங்டன் போஸ்டில் டாம் ஷேல்ஸ் எழுதியது ரொம்பக் கடுமை. கோனன் கையைக் காலை ஆட்டுகிறார், பதற்றமாகச் சிரிக்கிறார், எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை என்றார்கள். உண்மைதான், பழைய பதிவுகளைப் பார்த்தால் நமக்கே தெரியும். என்பிசி பதின்மூன்று வாரம் பதின்மூன்று வாரமாகத்தான் ஒப்பந்தத்தை நீட்டியது. ஒரு கட்டத்தில் வாராவாரம் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுகூட எழுந்தது.

நம் ஊரில் பதின்மூன்று அத்தியாயம் என்று ஒப்பந்தம் போட்டு வேலை செய்த எவருக்கும் அந்த வலி புரியும். எட்டாவது பதிவு முடிந்ததும் யாரும் உங்களிடம் கண் பார்த்துப் பேச மாட்டார்கள். அடுத்த சீசன் உண்டா இல்லையா என்று மேக்கப் போடும் அக்காவுக்குத் தெரிந்திருக்கும், உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஒரு முறை நான் எழுதிய தொடருக்கு, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணி என்று சொல்லி எழுத வைத்துவிட்டு, ஒளிபரப்புக்கு நாலு நாள் முன்பு நேரத்தை மாற்றினார்கள். குடும்பமாக உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று நினைத்து எழுதிய ஸ்கிரிப்ட் புதன்கிழமை மத்தியானம் போனது. யாரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. நடித்த ஒரு மூத்த கலைஞர்தான் போன் போட்டுக் கேட்டார், "தம்பி, நம்ம நாடகம் எங்கப்பா போச்சு?" அந்தக் கேள்வி இன்னும் மனசில் இருக்கிறது.

கோனன் அந்த மூன்று வருடத்தை எப்படித் தாண்டினார்? முகத்தைச் சரி செய்துகொண்டதாலா? அதுவும் நடந்தது, ஒரு மனிதன் ஒரே வேலையை இருநூறு முறை, நானூறு முறை செய்தால் கை கால் தானாக அடங்கும். ஆனால் நிகழ்ச்சியைக் காப்பாற்றியது எழுத்து அறை. அந்த ராபர்ட் ஸ்மைகல்தான் முதல் தலைமை எழுத்தாளர். பக்கத்துச் சோபாவில் உட்கார்ந்த ஆண்டி ரிக்டரும் எழுதத்தான் வந்தார், பிறகுதான் துணைத் தொகுப்பாளர் ஆனார். பெரிய நட்சத்திரங்கள் புது ஆளின் நிகழ்ச்சிக்கு வரத் தயங்கினார்கள். சரி, விருந்தினர் இல்லாவிட்டால் குறுங்காட்சிகளை நீட்டுவோம் என்று முடிவு செய்தார்கள். விசித்திரமான கற்பனைப் பாத்திரங்கள் ஒவ்வொரு ராத்திரியும் மேடைக்கு வந்தன. 1997-இல் ஸ்மைகல் கையில் மாட்டிக்கொண்ட, எல்லோரையும் திட்டும் ஒரு பொம்மை நாய் நாடு முழுக்கப் பிரபலமானது. மற்ற நிகழ்ச்சிகளில் நட்சத்திரத்தைப் பார்க்கப் போனார்கள், இங்கே இன்றைக்கு என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க வந்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள் முதலில் பிடித்துக்கொண்டார்கள். 1994 பிப்ரவரியில் லெட்டர்மேனே விருந்தினராக வந்து தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். சில வருடம் கழித்து டாம் ஷேல்ஸும் தன் கருத்தை மாற்றிக்கொண்டார்.

'லேட் நைட்' நடத்திய பதினாறு வருடத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு பகுதி இருக்கிறது. 2004-இல் எடுத்தது. நியூயார்க் பக்கம் ஓல்ட் பெத்பேஜ் என்ற இடத்தில், 1864-இல் பேஸ்பால் எப்படி ஆடினார்களோ அதே உடையில், அதே விதியில், அதே பேச்சில் ஆடுகிற ஒரு குழு உண்டு. கோனனும் மீசை ஒட்டிக்கொண்டு அவர்களோடு ஆடுகிறார். அந்தக் காலத்து ஆள் மாதிரியே வேடத்தில் நடிக்கும் ஒரு பெண்ணிடம் பேச்சுக் கொடுக்கிறார், அந்தப் பெண் பாத்திரத்தை விட்டு வெளியே வராமல் பதில் சொல்கிறார். கோனன் அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு அடுத்த வரியைக் கட்டுகிறார். ஒரு வரிகூட அந்த மனிதர்களை இழிவுபடுத்தவில்லை. முட்டாளாகத் தெரிவது எப்போதும் கோனன்தான். இதைத்தான் கூர்ந்து படிக்கச் சொல்கிறேன். கையில் தாள் இல்லை, ஆனால் கேட்டுக்கொண்டே எழுதுகிறார். எழுத்தாளருக்குத் தொகுப்பாளர் வேலையில் இருக்கிற பெரிய பலம் இது. எதிரே இருப்பவர் சொன்னதில் எது அடுத்த வரிக்கு விதை என்று அவர் காதுக்குத் தெரியும். எங்கள் பட்டிமன்ற நடுவர்களில் நல்லவர்களைப் பாருங்கள், பேச்சாளர் உட்கார்ந்ததும் அவர் சொன்ன ஒரே ஒரு சொல்லைப் பிடித்துத்தான் சபையைச் சிரிக்க வைப்பார்கள். அதே காது.

இன்னொரு காட்சி. 2007 நவம்பரில் அமெரிக்க எழுத்தாளர் சங்கம் வேலை நிறுத்தத்தில் இறங்கியது. நிகழ்ச்சி நின்றது. எழுத்தாளர் அல்லாத பணியாளர்களுக்குச் சம்பளம் போகும் நிலை வந்தபோது கோனன் தன் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்தார். 2008 ஜனவரி 2-இல், அவர்கள் வேலை போகாமல் இருக்க, எழுத்தாளர்கள் இல்லாமலே ஒளிபரப்புக்குத் திரும்பினார். அவரும் சங்க உறுப்பினர். தானும் எழுதக் கூடாது. ஒரு மணி நேர நிகழ்ச்சி, கையில் ஒரு வரி இல்லை. என்ன செய்தார் தெரியுமா? கல்யாண மோதிரத்தைக் கழற்றி மேசைமேல் பம்பரம் மாதிரி சுற்றிவிட்டார். எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று நேரம் பார்த்தார்கள். அடுத்த நாள் அதை முறியடிக்கப் பார்த்தார். சபை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மோதிரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. எழுதத் தெரிந்தவனுக்கு மட்டுமே தெரியும், ஒரு காட்சிக்குத் தேவை ஒரு ஆசை, ஒரு தடை, ஒரு முடிவு என்று. அது மூன்றும் அந்த மோதிரத்தில் இருந்தது.

2010-இல் நடந்தது உங்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும். 2004-இலேயே என்பிசி, ஐந்து வருடம் கழித்து 'டுநைட் ஷோ' உனக்குத்தான் என்று வாக்குக் கொடுத்தது. 2009 ஜூன் 1-இல் தொடங்கினார். கூட இருந்தவர்கள் நியூயார்க்கில் வீட்டைக் காலி செய்து குடும்பத்தோடு லாஸ் ஏஞ்சலஸுக்கு இடம் மாறினார்கள். போக வேண்டிய ஜே லெனோவுக்கோ அதே நிலையம் ராத்திரி பத்து மணிக்கு ஒரு நிகழ்ச்சி கொடுத்தது. அது எடுபடவில்லை. அதற்குப் பின் வரும் உள்ளூர்ச் செய்திக்கு ஆள் குறைந்தது என்று உள்ளூர் நிலையங்கள் கொதித்தன. லெனோவை 11.35-க்கு நகர்த்தி, 'டுநைட் ஷோ'வை நள்ளிரவு தாண்டி 12.05-க்குத் தள்ளலாம் என்றது நிர்வாகம். ஜனவரி 12-இல் கோனன் ஓர் அறிக்கை எழுதினார். நாள் மாறியபின் ஓடினால் அது 'டுநைட் ஷோ'வே இல்லை, அந்தப் பெயரைக் கெடுக்கும் வேலையில் நான் பங்கெடுக்க மாட்டேன் என்பது அதன் சாரம். அந்த அறிக்கையை ஒரு முறை முழுசாகப் படியுங்கள். கோபம் இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் அளந்து வைத்தது. அவர் தன் வாழ்க்கையின் மிக முக்கியமான சண்டையைப் போட்டது கேமராவில் இல்லை, தாளில்.

ஜனவரி 22-இல் கடைசி நிகழ்ச்சி. எட்டு மாதம்கூட நிறையவில்லை. நான்கரைக் கோடி டாலர் அளவில் உடன்பாடு என்று பத்திரிகைகள் எழுதின. அதில் சுமார் ஒரு கோடியே இருபது லட்சம் ஊழியர்களுக்கு. கடைசியாகப் பேசும்போது இளைஞர்களைப் பார்த்து, விரக்தியாகப் பேசிப் பழகாதீர்கள், கடுமையாக உழைத்து, அன்பாகவும் இருந்தால் ஆச்சரியங்கள் நடக்கும் என்றார். அவ்வளவு பெரிய அடி வாங்கியவர் சொன்னது அது. எனக்கு நேரம் மாற்றிய அந்தப் புதன்கிழமைக்குப் பின் நான் ரொம்ப நாள் விரக்தியோடு இருந்தேன். இந்தப் பேச்சைக் கேட்டபோதுதான் அது எனக்குள் என்ன செய்திருக்கிறது என்று புரிந்தது.

செப்டம்பர் வரை தொலைக்காட்சியில் தோன்றக் கூடாது என்பது உடன்பாடு. சரி, மேடை இருக்கிறதே என்று எழுத்தாளர்களையும் வாத்தியக்காரர்களையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு ஏப்ரலிலிருந்து சுமார் 30 ஊர்களுக்குப் போனார். நவம்பரில் டிபிஎஸ் கேபிள் நிலையத்தில் மறுபடியும் மேசை போட்டார். 2021 ஜூன் 24 வரை அங்கே. எல்லாம் சேர்த்து இருபத்தெட்டு வருடம் ராத்திரி நிகழ்ச்சி. 2011-இல் டார்ட்மவுத் கல்லூரிப் பட்டமளிப்பில் அவர் பேசியது இதற்கெல்லாம் விளக்கம் மாதிரி. 'டுநைட் ஷோ'வின் பழைய தொகுப்பாளர் ஜானி கார்சனுக்கு, அவருக்கு முந்தைய நகைச்சுவைக் கலைஞர் ஜாக் பென்னி மாதிரி ஆக ஆசை, முடியவில்லை, கார்சன் ஆனார். லெட்டர்மேனுக்குக் கார்சன் மாதிரி ஆக ஆசை, முடியவில்லை, லெட்டர்மேன் ஆனார். நினைத்த மாதிரி ஆக முடியாமல் போவதுதான் நம்மை நாமாக ஆக்குகிறது என்றார்.

2018 நவம்பரில் தொடங்கிய பாட்காஸ்ட் அவருடைய இரண்டாவது வாழ்க்கை. மேசை இல்லை, இசைக்குழு இல்லை. உதவியாளராக இருந்த சோனா மொவ்செசியனும் தயாரிப்பாளர் மேட் கோர்லியும் பக்கத்தில். ஆறு நிமிடப் பேட்டி ஒரு மணி நேரமாக நீண்டது. 2022-இல் அதை நடத்திய அவருடைய டீம் கோகோ நிறுவனத்தைச் சிரியஸ்எக்ஸ்எம் என்ற வானொலி நிறுவனம் வாங்கியது, 15 கோடி டாலர் என்று செய்திகள் வந்தன. வெளிநாட்டுப் பயண நிகழ்ச்சிகள், 2025 மார்ச்சில் ஆஸ்கர் மேடை, அதே மாதம் நகைச்சுவைக்கான மார்க் ட்வைன் விருது எல்லாம் தொடர்ந்தன. இதையெல்லாம் சாதனைப் பட்டியலாகப் பார்க்காமல், யார் யார் கூட இருந்தார்கள் என்று பாருங்கள். ஜெஃப் ராஸ் 1993-இலிருந்து தயாரிப்பாளர். மைக் ஸ்வீனி தொண்ணூறுகளிலிருந்து எழுத்தாளர், பயண நிகழ்ச்சிகள் வரைக்கும் கூடவே வந்தவர். நிகழ்ச்சி மாறியது, நிலையம் மாறியது, ஆட்கள் மாறவில்லை.

இனி கோலாலம்பூர். இங்கே தமிழ்த் தொலைக்காட்சிச் சந்தை சின்னது. மலேசியாவில் இந்தியர் மொத்தமே இருபது லட்சம் பேர் அளவுதான். அங்காசாபுரியில் அரசுத் தொலைக்காட்சியில் கொஞ்சம் நேரம், புக்கிட் ஜாலிலில் ஆஸ்ட்ரோவின் சில அலைவரிசைகள், மற்றது யூடியூப். பத்து எழுத்தாளர் உட்காரும் அறைக்கு இங்கே யாரும் பணம் தர மாட்டார்கள். இனம், மதம், ஆட்சியாளர்கள் பற்றி வாய் திறக்கும்முன் பத்து முறை யோசிக்க வேண்டும். அமெரிக்காவில் ராத்திரி நிகழ்ச்சியில் பாதி அரசியல்தான், நமக்கு அது கிடையாது. ஆனால் கோனனும் அரசியலை வைத்து அதிகம் பிழைத்தவர் இல்லை. அவருடைய சிரிப்பு அபத்தத்திலிருந்தும், தன் மேலேயே சுமத்திக்கொள்ளும் அவமானத்திலிருந்தும், எதிரே இருக்கிற மனிதரிடமிருந்தும் வருவது. அதனால்தான் இங்கே எழுதுகிறவருக்கு மற்றவர்களைவிட அவரிடம் கற்க அதிகம் இருக்கிறது.

உங்களுக்கு வரப்போகும் உண்மையான சிக்கல் வேறு. இத்தனை நாள் அடுத்தவர் வாய்க்கு எழுதினீர்கள். இனி உங்கள் வாய்க்கு எழுத வேண்டும். நீங்கள் எனக்குப் போன தீபாவளிக்கு அனுப்பிய ஸ்கிரிப்டில் ஒரு மாமா பாத்திரம் சொல்லும்: "திறந்த இல்ல உபசரிப்புன்னு கார்டு அனுப்பினான், போனா கேட்டு பூட்டியிருக்கு, நாய் மட்டும்தான் உபசரிச்சுது." அந்த மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கத்தினால் சிரிப்பு வரும். அதே வரியை நீங்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து சொன்னால் கடன் வாங்கின சட்டை மாதிரி தொங்கும். உங்கள் வரி எப்படி இருக்கும்? நீங்கள் கூச்சப்படுகிற ஆள். பூட்டிய கேட் முன்னால் பலகாரப் பெட்டியோடு நின்று, மணி அடிப்பதா வேண்டாமா என்று இருபது நிமிடம் யோசிக்கிற ஆள். "மணி அடிச்சா சாப்பாட்டுக்கு அலையறான்னு நினைப்பாங்க, அடிக்காம போனா மதிக்கலன்னு நினைப்பாங்க, அதான் நாய்கிட்ட சொல்லிட்டு வந்துட்டேன்." பாருங்கள், அதே கேட், அதே நாய். ஆள் மாறிவிட்டார். முதல் மூன்று மாதம் இந்த வேலையை மட்டும் செய்யுங்கள், பழைய ஸ்கிரிப்டுகளை எடுத்து உங்கள் குரலுக்கு மாற்றி, வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

மொழி விஷயத்தில் ஒன்று. சென்னைத் தொலைக்காட்சித் தமிழில் பேசாதீர்கள். செந்தூலிலும் கிள்ளானிலும் நம் ஆட்கள் பேசுகிற தமிழ், நடுவில் மலாய்ச் சொல் தானாக வந்து விழுகிற தமிழ், அதில்தான் நீங்கள் எழுதி வந்தீர்கள். கேமராவைப் பார்த்ததும் பலருக்கு வாய் சென்னைக்குப் போய்விடுகிறது. பார்க்கிற அக்காவுக்கு அது உடனே தெரியும், அன்னியமாகப் படும்.

ஒப்பந்தம் பேசும்போது உங்கள் சம்பளத்தைப் பற்றி அப்புறம் பேசுங்கள். முதலில் இரண்டு எழுத்தாளருக்குச் சம்பளம் கேளுங்கள். பத்து வேண்டாம், இரண்டு போதும். உங்களோடு இதுவரை எழுதியவர்கள், நீங்கள் சொன்னது நன்றாக இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லக் கூடியவர்கள். நீங்களே எழுதி நீங்களே பேசினால் ஆறாவது வாரம் கிணறு வற்றிவிடும். தயாரிப்பாளர், "அதான் நீயே எழுத்தாளராச்சே, இன்னொரு ஆள் எதுக்கு" என்று நிச்சயம் கேட்பார். அப்போது உங்கள் பங்கிலிருந்து குறைத்துக்கொள்ளச் சொல்லியாவது அந்த இரண்டு பேரை உள்ளே கொண்டு வாருங்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மற்றபடி செட்டு, கோட்டு, பின்னணி இசை எல்லாம் அவர்கள் இஷ்டம்.

எழுத்து வேலையை விட வேண்டுமா என்று வீட்டில் கேட்கிறார்கள் என்றீர்கள். முதல் பதின்மூன்று அத்தியாயம் வரை விடாதீர்கள். ஒரு தொடருக்கு மாதம் இரண்டு ஸ்கிரிப்ட் என்ற கணக்கில் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வருமானத்துக்காக மட்டும் சொல்லவில்லை. அடுத்தவர் வாய்க்கு எழுதும் கை ஓயாமல் இருந்தால்தான் உங்கள் வாய்க்கு எழுதுவது எங்கே வேறுபடுகிறது என்று தெரியும்.

முதல் அத்தியாயம் சரியாக வராது. நான்காவதும் வராது. கோனனுக்கு மூன்று வருடம் ஆனது, உங்களுக்கு அவ்வளவு நாள் யாரும் தர மாட்டார்கள், அதனால் ஒளிபரப்புக்கு முன்பே தவறுகளைச் செய்து முடித்துவிடுங்கள். சின்ன மண்டபம் ஏதாவது கிடைத்தால் நாற்பது நாற்காலி போட்டு, கேமரா இல்லாமல், விருந்தினராகத் தெரிந்த ஆட்களை உட்கார வைத்து, வாரம் ஒன்றாக ஆறு முறை நடத்திப் பாருங்கள். அதற்குப் பிறகு சோதனைப் பதிவு வைத்துக்கொள்ளலாம். அன்றைக்கு முன்வரிசையில் சொந்தக்காரர்களை உட்கார வைக்காதீர்கள், அவர்கள் எல்லாவற்றுக்கும் சிரிப்பார்கள். நம்மோடு எழுதுகிறவர்களைக் கூப்பிடுங்கள். தேதி முடிவானதும் எனக்குச் சொல்லுங்கள், நான் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து உட்காருகிறேன்.